மணல் டாக்டர்

தேநீரைக் கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். கொதிக்கக் கொதிக்க விழுங்குகிறவர்கள்தான் பல வருடங்கள் கழித்து என் அறுவை மேசையில் வந்து குப்புறப் படுக்கிறார்கள். உணவுக்குழாய் வாயில்லாப் பிராணி, நேரத்தோடு எதையும் சொல்லாது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் இதைச் சொல்வது வழக்கம். இன்றைக்கும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மருத்துவமனைக்கு இரண்டாவது அறுவை ரோபோ வாங்குவதைப் பற்றிப் பேசத்தான் நிர்வாகக் குழுவான உங்களை அழைத்தேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதுவும் வாங்க வேண்டியதுதான். ஒற்றை இயந்திரத்தை வைத்துக்கொண்டு சிறுநீரகப் பிரிவுக்காரர்களோடு நாள் பிடிக்கச் சண்டை போடுவது எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் இன்றைய பேச்சு உராதா கென்சோவைப் பற்றி. அவனுடைய உணவுக்குழாய்ப் புற்றுநோயை நான் அறுவை செய்து எடுத்தேன். புற்று போய்விட்டது, கூடவே அவன் குரலும் போய்விட்டது. அது எப்படிப் போனது என்று நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததால் நானே வந்து சொல்கிறேன்.

கென்சோவைத் தெரியாதவர்கள் இந்தத் துறைமுகத்தில் இல்லை. இருந்தாலும் பதிவில் எல்லாம் முறையாக இருக்கட்டும். நஞ்சுள்ள பேத்தை மீனை ஏலம் விடும் சந்தையில் அவன் ஏலக்காரன். மற்ற மீன்களைப் போல அதைக் கத்திக் கத்தி விலை கேட்டு வாங்குவதில்லை. ஏலக்காரன் கையில் கறுப்புத் துணி உறை ஒன்றை மாட்டிக்கொள்வான். வியாபாரிகள் ஒவ்வொருவராக அந்த உறைக்குள் கையை விட்டு, அவன் விரல்களைப் பிடித்து விலையைச் சொல்வார்கள். யார் என்ன கேட்டார் என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். வெளியே கேட்பது ஏலக்காரனின் குரல். "ஏகா, ஏகா, ஏகா" என்று அவன் பாட்டுப்போல இழுப்பான். சரிதானா, சரிதானா என்று அர்த்தம். அந்தக் குரல் ஓடுகிற வேகத்தில்தான் வியாபாரிகளுக்குக் கை நீளும். கென்சோ "ஏகா" சொன்னால் கஞ்சனுக்கும் கை நீண்டுவிடும் என்பார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவனைவிட நல்ல உதாரணம் கிடையாது. கல்யாணம், திருவிழா, கடைத் திறப்பு, துக்க வீட்டுச் சாப்பாடு எதுவானாலும் கென்சோ இருந்தால் பந்தி களைகட்டும். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் நான் இருக்கும் எல்லாப் பந்தியிலும் அவன் ஒரு கதையைச் சொல்வான். என்னைப் பற்றிய கதை. உங்களில் இரண்டு பேராவது அதைக் கேட்டிருக்கிறீர்கள். ரோபோ வந்த அன்று நடந்த விருந்திலும் அவன் அதைச் சொன்னான்.

கதை இதுதான். ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறை. கென்சோ தன் அப்பாவின் கடையிலிருந்து ஒரு மீன் ஈரலைச் செய்தித்தாளில் சுற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தான். எல்லோரும் தொட்டுப் பார்த்தோம். எனக்கு நகம் கடிக்கும் பழக்கம். கடித்துவிட்டேன். கென்சோ என் விரலைப் பார்த்து, "ஐயையோ ஷிகே, அது பேத்தை ஈரலுடா" என்றான். பேத்தை நஞ்சு ஏறினால் முதலில் நாக்கு மரத்துப்போகும். என் நாக்கு உடனே மரத்துவிட்டது. பயத்தில் மரக்கிற நாக்குக்கும் நஞ்சில் மரக்கிற நாக்குக்கும் வித்தியாசம் தெரிகிற வயதில்லை அது. நஞ்சேறியவனைக் கழுத்துவரை மணலில் புதைத்தால் மணல் நஞ்சை இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. எல்லோருமாகக் குழி தோண்டி என்னைப் புதைத்தார்கள். தலை மட்டும் வெளியே. அப்படியே இருந்தபடி நான் உயில் சொன்னேன். சைக்கிளை இன்னாருக்குக் கொடுங்கள், பேஸ்பால் கையுறையை இன்னாருக்குக் கொடுங்கள், நான் வளர்க்கிற கொம்பு வண்டுக்குத் தினமும் வெள்ளரிக்காய் வையுங்கள், அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். கென்சோ எல்லாவற்றுக்கும் "ஏகா, ஏகா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். உயில் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சோயா சாற்றுக் குப்பியை எடுத்தான். ஈரலில் ஊற்றினான். என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து ரசித்துத் தின்றான். அது நஞ்சே இல்லாத கிளாத்தி மீன் ஈரல். அருமையான ருசி, விலையும் அதிகம்.

அன்றிலிருந்து எனக்கு மணல் ஷிகே என்று பெயர். டாக்டரான பிறகு மரியாதையாக மணல் டாக்டர் ஆனேன். நானும் சிரிப்பேன். நல்ல கதைதானே. கென்சோ என் குரலில் வண்டுக்கு வெள்ளரிக்காய் கேட்கும்போது சிரிக்காதவன் மனுஷனே இல்லை.

அந்தக் கதையில் ஒரு சிறு பகுதி மட்டும் வராது. ஈரலைத் தின்றுவிட்டு அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து தோண்டி எடுக்கலாம் என்று நினைத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். சிறுபிள்ளைகளுக்கு மறதி சகஜம். ஈர மணல் இறுகிவிட்டால் கையை அசைக்க முடியாது. கடல் ஏறி வந்தது. மோவாய்வரை வந்தது, போனது, மறுபடி வந்தது. நான் கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை. கடல்பாசி பொறுக்க வந்த ஒரு பெண்மணி பார்த்துத் தோண்டி எடுத்தார். கென்சோவுக்கு இது தெரியாது. நான் சொன்னதில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும்.

அதனால் அவன்மேல் எனக்குக் கோபமா என்றால், இல்லை. இதை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. ஒருவனுக்குக் கோபம் இருந்தால் இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து மது ஊற்றிக் கொடுப்பானா?

போன வருடம் குளிர்காலம் முடியும் சமயம் அவன் என் அறைக்கு வந்தான். பேத்தை மீனின் துடுப்பைச் சுட்டுச் சூடான அரிசி மதுவில் போட்டுக் குடிப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. இரண்டு கோப்பையிலேயே முகம் தக்காளிப் பழமாகிவிடும். அப்படி முகம் சிவக்கிறவர்களுக்குத்தான் உணவுக்குழாய் சீக்கிரம் கெடும் என்று நான் அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"ஷிகே, சோறு எறங்கலடா. நெஞ்சுல கல்லு மாதிரி அடைக்குது. பொண்டாட்டி சமையல்தான் இப்படின்னு நெனச்சேன். ஹோட்டல் சோறும் அடைக்குது. அப்பதான் பயம் வந்துச்சு."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி மசாயோ, "பாத்தீங்களா டாக்டர், சாகக் கெடந்தாலும் என் சமையலைத்தான் சொல்லுவாரு" என்றாள்.

உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தோம். மார்புக்கு நடுவில் புற்று. அதிகம் பரவியிருக்கவில்லை. இந்த நிலையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மருந்தும் கதிர்வீச்சும். அதில் குரலுக்குப் பெரும்பாலும் சேதமில்லை. இன்னொன்று, உணவுக்குழாயையே எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போலத் தைத்துக் கழுத்துவரை இழுத்து இணைப்பது. மசாயோ இதைப் பற்றி யாரிடமோ விசாரித்துவிட்டு வந்திருந்தாள்.

"கதிர் வெச்சாலே போதும்னு ஒருத்தர் சொன்னாரே டாக்டர்?"

"போதும்னா போதும்தான். ஆனா திரும்பி வந்துச்சுன்னா அப்புறம் அறுக்கறது கஷ்டம். என்கிட்ட நல்ல மிஷின் இருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. எந்த மருத்துவரும் சொல்லக்கூடிய பதில்தான். கென்சோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு மட்டும் அவன் வேடிக்கை பேசவில்லை.

"உசுரு போனா போவுது ஷிகே. அது எல்லாருக்கும் போறதுதான். கொரலு போச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்? எனக்கு வேற தொழிலு தெரியாது. வீட்டுலயும் நான் பேசலேன்னா யாரும் பேச மாட்டாங்க."

"உன் கொரலுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அவன் எழுந்து நின்று, இடுப்பு மடங்க எனக்கு வணக்கம் செலுத்தினான். கென்சோ எனக்குத் தலை குனிந்தது அதுதான் முதல் முறை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அறுவைப் பட்டியலில் அவன் முதலில் வேறொரு மருத்துவரின் நாளில் இருந்தான். நான்தான் என் நாளுக்கு மாற்றிக்கொண்டேன். பால்ய நண்பனை இன்னொருவர் கையில் விடுவது முறையாகப் படவில்லை.

அறுவை நாள் இனிமையான நாள். ஜன்னலுக்கு வெளியே செர்ரி பூத்திருந்தது, தாதிகள் பூப் பார்க்கப் போகும் விருந்துக்கு யார் என்ன சமைத்துவருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கென்சோவைக் குப்புறப் படுக்க வைத்து, வலது விலாவில் துளைகள் போட்டு, ரோபோவின் கைகளைப் பொருத்தினோம். நோயாளியின் பக்கத்தில் என் உதவியாளர் இஸோபே நின்றான். நான் அறை மூலையில் இருக்கும் இயக்கும் பெட்டிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். காலுறையோடு மிதித்தால்தான் மிதிகட்டைகள் எனக்குப் பிடிபடும். பெட்டிக்குள் தலையை நுழைத்துவிட்டால் வெளியுலகம் கிடையாது. பெரிதாக்கப்பட்ட, பளிச்சென்ற மார்புக்கூடு மட்டும். என் விரல் அசைந்தால் உள்ளே இரும்பு விரல் அசையும். மனிதக் கையின் நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். எனக்கு அந்த வடிகட்டல் தேவையில்லை என்று இஸோபே அடிக்கடி சொல்வான். நல்ல பையன்.

உணவுக்குழாய் அழகாகக் கழன்று வந்தது. பிறகு குரல் நரம்பு. இடது பக்கத்து நரம்பின் பாதை விசித்திரமானது. கழுத்திலிருந்து மார்புக்குள் இறங்கி, பெருந்தமனிக்கு அடியில் வளைந்து, மறுபடியும் குரல்வளைக்கு ஏறும். நேராகவே போயிருக்கலாம். கடவுளுக்கும் சில நாள் தூக்கக் கலக்கம் போலிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள நிணமுடிச்சுகளில் புற்று ஒளிந்துகொள்ளும் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். நரம்பு வெந்த சேமியா மாதிரி இருக்கும். இழுக்கக் கூடாது, சூடு படக் கூடாது. எங்கள் இயந்திரத்தில் தொடு உணர்வு கிடையாது. எவ்வளவு இழுக்கிறோம் என்று கைக்குத் தெரியாது. பழகினவர்கள் கண்ணாலேயே தெரிந்துகொள்வோம்.

முடிச்சுகளை எடுத்து முடித்தேன். நரம்பைக் கவ்வியில் ஒதுக்கிப் பிடித்தபடி இருந்தேன். ஒதுக்கிப் பிடிக்க வேண்டிய வேலை முடிந்துவிட்டது, இருந்தும் பிடித்தபடி இருந்தேன். அறை மிகவும் அமைதியாக இருந்தது. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது.

"சார், மானிட்டர்ல நரம்பு சிக்னல் வரல" என்றான் இஸோபே.

"தொண்டைக் கொழாய் நகந்திருக்கும்."

கொஞ்சம் கழித்து, "பாத்துட்டேன் சார், கொழாய் நகரல" என்றான்.

"அப்ப நரம்புக்கு அசதி. நமக்கே பசிக்குது, அதுக்குப் பசிக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். உணவுக்குழாய் அறுவையில் குரல் நரம்புக்கு அடிபடுவது புதிதல்ல. எல்லா ஊரிலும், எல்லாத் திறமைசாலிகளுக்கும் நடக்கிறது. பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகியும் விடுகிறது. ஒப்புதல் படிவத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறோம்.

கென்சோ கண் விழித்தபோது பேச வாயைத் திறந்தான். காற்று வந்தது. பழைய சைக்கிள் டயரில் காற்று இறங்குவது மாதிரி ஒரு சத்தம். அவன் திரும்பத் திரும்ப முயன்றான். மசாயோ அவன் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏகான்னு சொல்லிப் பாக்குறாரு டாக்டர்" என்றாள்.

சில நாள் கழித்து நான் அறைக்குப் போனபோது அவள் தயாராக இருந்தாள். இஸோபேயும் என்னோடு வந்திருந்தான்.

"எனக்கு மனசு ஆறல டாக்டர். கொரலுக்கு நான் பொறுப்புன்னு உங்க வாயால சொன்னீங்க. நாளைக்குக் கீழ புகார் வாங்குற ஜன்னல்ல போய் என்ன நடந்துச்சுன்னு கேக்கத்தான் போறேன். வீடியோ இருக்காமே, அதையும் கேப்பேன்."

இஸோபே தரையைப் பார்த்தான். கென்சோ அவளைக் கையமர்த்திவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து தன் ஏலத் துணி உறையை எடுத்தான். ராசிக்காக அவள் கொண்டுவந்து வைத்தது. அதைக் கையில் மாட்டிக்கொண்டு என் பக்கம் நீட்டினான். நான் என் கையை உள்ளே விட்டேன். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தான். காற்றுக் குரலில் கேட்டான்.

"ஷிகே. நீ ஏதாச்சும் தப்புப் பண்ணியாடா?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"கேட்டியா மசாயோ. இந்தக் கை பொய் சொல்லல. பொய் வெல சொல்றவனுக்குச் சுண்டுவெரல் தனியாத் துடிக்கும். எத்தன பேரப் புடிச்சிருக்கேன். போ, போய் டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேளு."

பாவம் கென்சோ. அவன் ஆயுள் முழுக்கப் பிடித்தது மீன் வியாபாரிகளின் விரல்களை. நடுங்காமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கும் விரல்களை அவன் அதுவரை பிடித்துப் பார்த்ததில்லை. இந்தத் துறைமுகத்தில் உறைக்குள் தெரிந்ததை மீறி யாரும் பேச மாட்டார்கள். மசாயோ புகார் ஜன்னலுக்குப் போகவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டு, மரப்பெட்டியில் வைத்த ஒரு முலாம்பழத்தை என் அறைக்குக் கொண்டுவந்தாள். நல்ல பழம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம்.

பிறகு மாதா மாதம் கென்சோ வந்தான். அசையாத குரல்நாணைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. கழுத்தில் சிறு துண்டு ஒன்றை வைத்து, அந்த நாணை நடுவுக்குத் தள்ளிவிட்டால் குரல் ஓரளவுக்கு மீளும். பெரிய அறுவைகூட இல்லை. அதைச் செய்கிற தொண்டை மருத்துவர் எனக்கு நேர் மேல்மாடியில் இருக்கிறார். மின்தூக்கியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

"எனக்கு அது பண்ணலாமாடா?" என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அவனே கேட்டான்.

"அவசரப்படாத. நரம்பு தானா முழிச்சுக்கும். பொறுத்துப் பாக்கலாம்."

பொறுத்துப் பார்த்தான். தேநீர் மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வந்து படுத்தான். எழுந்து வந்து மறுபடி பொறுத்துப் பார்த்தான். சந்தையில் அவன் இடத்தில் ஒரு இளைஞனை நிறுத்தினார்கள். கென்சோ மீன் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். வீடும் அமைதியாகிவிட்டது என்று மசாயோ சொன்னாள். தொலைக்காட்சியை நாள் முழுக்க ஓடவிடுகிறார்களாம்.

எனக்கு அந்த மாதங்கள் நன்றாகப் போயின. அந்த மணல் கதை காதில் விழாததை நான் கவனிக்கவே இல்லை. மைத்துனி மகள் கல்யாணத்தில் கேட்கவில்லை. கோயில் திருவிழாவில் கேட்கவில்லை. பழைய மாணவர் கூட்டத்தில், தூணை ஒட்டிய மேசையில், புதிதாக வந்த ஒருவர் என்னை முழுப் பெயர் சொல்லி டாக்டர் ஷிகெநாகா என்று அறிமுகப்படுத்தினார். வீட்டுக்கு வந்து அன்று நான் கொஞ்சம் பாடினேன் என்று என் மனைவி சொல்கிறாள்.

போன வாரம் கென்சோ தான் குணமானதற்கு விருந்து வைத்தான். குணமானவர்கள் உதவியவர்களுக்குச் செய்யும் மரியாதை, மறுக்க முடியாது. பேத்தை மீன் கடையின் மாடியில் சந்தைக்காரர்கள், பள்ளித் தோழர்கள், இஸோபே, என் மனைவி எல்லோரும் இருந்தார்கள். மீன் துண்டுகள் தட்டில் செவ்வந்திப் பூப்போல விரித்து வைக்கப்பட்டிருந்தன. கென்சோ எழுந்து நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"ஆறாங் கிளாஸ் லீவு" என்று ஆரம்பித்தான்.

முன்பெல்லாம் அவன் கதை சொல்லும்போது யாராவது கோப்பையை நிரப்புவார்கள், யாராவது கழிவறைக்குப் போவார்கள். அன்று ஒருவரும் அசையவில்லை. அந்தக் காற்றுக் குரலைக் கேட்பதற்காக மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. பரிமாறுகிற பெண் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். வண்டுக்கு வெள்ளரிக்காய் கேட்கும் இடம் வந்தது. சாகப்போகிற பையனின் குரல் அவனுக்கு இப்போது இயல்பாகவே அமைந்துவிட்டது. கூரை அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு அந்தக் கதைக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் ஒரே ஒரு வாயைத்தான் மூடப் பார்த்தேன், அதுவும் மூடவில்லை.

கென்சோ கடைசியில் ஒரு வரி சேர்த்தான். "நான் மண்ணுல பொதைச்ச பயதான் என்னை மண்ணுக்குப் போகாம காப்பாத்துனான்." சிரித்தவர்களே அழுதார்கள். எல்லோரும் என் பக்கம் கோப்பையை உயர்த்தினார்கள்.

நான் எழுந்து நின்றேன். நிதானமாகவே பேசினேன்.

"நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. கென்சோ கொரலை நான்தான் எடுத்தேன். தவறிப் போகல. நரம்பைக் கவ்வியில புடிச்சுக்கிட்டு, சுடுற கருவியோட நுனியை அது மேல வெச்சேன். வேணும்னுதான் வெச்சேன்."

உயர்த்திய கோப்பைகள் உயர்த்தியபடியே நின்றன. பிறகு அந்த மாடியே வெடித்தது.

"மணல் டாக்டரு பழி வாங்கிட்டாருடோய்" என்று ஒரு மீன் வியாபாரி தொடையைத் தட்டினார். "அடுத்து என் பொண்டாட்டியக் கூட்டியாரேன் டாக்டர், அவளுக்கும் ஒரு சூடு வெச்சு விடுங்க" என்றார் இன்னொருவர். கென்சோ சத்தமே வராமல் சிரித்தான். இருமினான், தரைப்பாயை அடித்தான், கண்ணீர் விட்டான். "இத்தன வருசமாச்சு" என்று மூச்சு வாங்கச் சொன்னான், "இன்னிக்குத்தாண்டா ஷிகே உனக்குக் கதை சொல்ல வந்துருக்கு." பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று பக்கத்திலிருந்தவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். மறுபடியும் சிரித்தார்கள். இஸோபே மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

மறுநாள் காலையிலேயே சந்தையில் அது கதையோடு சேர்ந்துவிட்டதாம். புதைத்தான், ஈரலைத் தின்றான், டாக்டர் நரம்பைச் சுட்டார். மூன்றும் ஒரே மூச்சில். மசாயோ தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டதாம், அதற்கும் எனக்கு நன்றி சொன்னாள். அப்போதுதான் இதை உரிய இடத்தில், உரிய முறையில் சொல்லிவிடுவது நல்லதென்று பட்டது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். உராதா கென்சோவுக்குக் கதிர் வைத்தியம் போதுமானது என்று தெரிந்தும் அறுவைக்கு அழைத்தேன். அவனுடைய குரல் நரம்பை வேண்டுமென்றே சுட்டுக் கருக்கினேன். கருகிய நரம்பு எழுந்து வராது என்று தெரிந்தும் காத்திருக்கச் சொன்னேன். சரிசெய்யக்கூடிய மருத்துவரிடம் அனுப்பவில்லை. வீடியோவில் அந்த இடம் கை தவறியதுபோலத்தான் தெரியும், ஆனால் தவறவில்லை. என் கை தவறுகிற கையில்லை. இஸோபேக்கு இதில் பங்கில்லை. அவன்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. கென்சோமேலும் கோபம் இல்லை. இதற்கும் அந்தச் சிறுபிள்ளை விளையாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு வரி தனியாகச் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. இத்தனை நேரம் ஒருவர்கூடச் சிரிக்காமல் நான் பேசி முடித்தது இதுவே முதல் முறை. ஆனால் குறிப்பெடுக்கிற அம்மையார் மட்டும் ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்? இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாரே. தோள் குலுங்குகிறது, கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. அவரைத் தயவுசெய்து வெளியே அனுப்புங்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?